வில்லங்கம் 'இல்லை' என்று எப்படித் தெரிகிறது?

கொல்லிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது சேந்தமங்கலம். அந்தப் பக்கத்தில் நீங்கள் இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு வாங்கப் போவதாக வைத்துக்கொள்வோம். கிணறு இருக்கிறது, மண் மரவள்ளிக்கு ஏற்றது, விலையும் ஒத்து வருகிறது. முன்பணம் கொடுக்குமுன் வீட்டுப் பெரியவர் கேட்பார்: "வில்லங்கம் பார்த்தாயிற்றா?"

அந்த நிலத்தின் பேரில் யாராவது கடன் கொடுத்து அடமானம் எழுதி வாங்கியிருக்கிறார்களா? முன்பே வேறொருவருக்கு விற்கப்பட்டுவிட்டதா? உங்கள் வாழ்நாள் சேமிப்பே இந்தக் கேள்விகளின் விடையில் தொங்குகிறது.

விடை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, பதிவாகும் நிலம், வீடு பற்றிய பத்திரங்கள், உயில் நீங்கலாக, '1-ஆம் புத்தகம்' என்னும் பதிவேட்டில் ஏறுகின்றன. எந்த வரிசையில் ஏறுகின்றன? வந்த வரிசையில்தான். ஆண்டுதோறும் எண் 1-இலிருந்து தொடங்கும். முதலில் ஓர் ஊரின் கிரயப் பத்திரம், அடுத்து வேறோர் ஊரின் அடமானம், அதற்கடுத்து ஒரு தானப் பத்திரம். உங்கள் நிலத்தைப் பற்றிய மூன்று பத்திரங்கள் மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் புத்தகங்களில் சிதறிக் கிடக்கலாம்.

208 நாள் வேலை

ஓர் அலுவலகத்தில் ஒரு லட்சம் பத்திரங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றைப் பார்க்க ஒரு நிமிடம் ஆனால், எல்லாவற்றையும் பார்க்க ஒரு லட்சம் நிமிடம் ஆகும். நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாலும் 208 நாள்! பாதியில் நிறுத்தவும் முடியாது. தேடும் அடமானம் கடைசிப் பக்கத்தில் இருந்துவிடலாமே!

பத்திரங்களையே சர்வே எண் வரிசைக்கு மாற்றிவிட்டால் என்ன? அப்போது ஆள் பெயரைக் கொண்டு தேட முடியாது. பெயர் வரிசைக்கு மாற்றினால் சர்வே எண் சிதறிவிடும். ஒரு பொருளை ஒரே வரிசையில்தான் அடுக்க முடியும், கேள்விகளோ பலவகை.

இதற்குச் சட்டமே வழி சொல்கிறது. பெரிய புத்தகத்தைத் தொடாதே. அதற்குச் சிறிய அடைவுகளை எழுது என்கிறது. முதலாவது அடைவில் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள். இரண்டாவதில் சொத்தின் விவரம். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, அது எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. பாடநூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போலத்தான் இதுவும்.

பாதி, அதில் பாதி

வரிசையான அடைவில் தேடுவது எவ்வளவு எளிது! நடுவில் திறந்து பாருங்கள். நீங்கள் தேடும் எண் அதற்கு முன்னா, பின்னா? ஒரே பார்வையில் பாதி அடைவு கழிந்துவிடும். மீதியை மறுபடியும் நடுவில் திறந்தால் அதிலும் பாதி கழியும். இப்படிச் செய்தால் ஒரு லட்சம் பதிவுகளுக்கு 17 பார்வைகள் போதும். பத்து லட்சம் ஆனாலும் 20 பார்வைகள்தாம்.

இதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. நீங்கள் தேடுவது 112/3 என்ற எண். அடைவில் 112/2-க்கு அடுத்து உடனே 112/4 வருகிறது. அப்படியானால் 112/3 பற்றி ஒரு பத்திரமும் இல்லை என்பது தெரிந்துவிட்டது. வரிசை இல்லாத குவியலில் 'இல்லை' என்று சொல்ல எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்; வரிசையிலோ இரண்டு பக்கத்து எண்களே சாட்சி சொல்லிவிடும்.

கணிப்பொறியிலும் இதுவே

இன்று வில்லங்க விவரத்தை இணையத்திலேயே பார்க்கலாம். கணிப்பொறியின் தரவுத்தளமும் அதே 1-ஆம் புத்தகம் போன்றதுதான். அதற்கும் அடைவு தேவை. ஆனால் வட்டில் ஒவ்வொரு முறை படிப்பதும் கணிப்பொறியின் கணக்கில் மெதுவான வேலை. அதனால் 20 தடவை என்பதே அதிகம்.

1970-இல் அமெரிக்காவின் போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மக்கிரைட் என்ற இருவர் 'பி-மரம்' என்னும் அமைப்பை வகுத்தார்கள். ஒரு பக்கத்தில் நூறு வழிகாட்டிகள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் வேறொரு பக்கத்துக்கு அனுப்பும்; அங்கும் நூறு. மூன்றாம் படியில் 100 × 100 × 100, அதாவது பத்து லட்சம் பதிவுகள். ஆக, 20 தடவைக்குப் பதில் மூன்றே தடவை! ஒரு பக்கம் நிரம்பினால் அது இரண்டாகப் பிரிந்து, மேல் பக்கத்தில் ஒரு வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ளும். காகித ஏட்டால் இது முடியாது.

கிராமம், சர்வே எண், தேதி என்ற வரிசையில் அடைவு அமைந்தால், விடையும் தேதி வாரியாகவே வந்து நிற்கும். தனியே வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கிராமத்தைச் சொல்லாமல் சர்வே எண்ணை மட்டும் சொன்னால் இந்த அடைவு உதவாது. எல்லா ஊரிலும் 112 என்ற எண் இருக்குமே!

விலையும் உண்டு

அப்படியானால் எல்லாவற்றுக்கும் அடைவு போட்டுவிடலாமா? ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் இருவர், வாங்குபவர் ஒருவர், சர்வே எண்கள் நான்கு என்றால், ஒரு பத்திரத்துக்கு அடைவுகளில் ஏழு பதிவுகள். தேடும்போது மிச்சமாகும் நேரத்துக்கு எழுதும்போது கூலி கொடுக்கிறோம். ஆகவே மக்கள் கேட்கும் கேள்விகளுக்கு மட்டுமே அடைவு போடுவது அறிவுடைமை. எழுதுவதைத் தள்ளிப்போடவும் கூடாது. பத்திரம் புத்தகத்தில் ஏறியதும், இயன்றவரை உடனே அடைவிலும் ஏற வேண்டும் என்பது சட்டம். ஏறாத அடமானம் தேடுபவர் கண்ணுக்குப் படாது.

இன்னோர் எச்சரிக்கை. அடைவு, நீங்கள் கேட்டதற்கு மட்டுமே விடை தரும். 112/3 என்ற நிலம் பின்னர் 112/3ஏ, 112/3பி என்று உட்பிரிவு ஆகியிருக்கலாம். பழைய அடமானம் 112/3 என்ற எண்ணில் கிடக்கும். நீங்கள் 112/3பி என்று மட்டும் கேட்டால் அது வராமல் போகலாம். மறு அளவையில் எண்ணே மாறியிருக்கவும் கூடும். வில்லங்கச் சான்றிலேயே இதைக் குறித்திருப்பார்கள்: மனுதாரர் தந்த சொத்து விவரப்படியே தேடப்பட்டது, வேறு விதமாக விவரிக்கப்பட்ட பத்திரங்கள் இதில் வரமாட்டா என்று.

ஆகவே வில்லங்கம் பார்க்கும்போது உட்பிரிவு எண், அதன் தாய் எண், பழைய சர்வே எண் ஆகிய மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள். 'இல்லை' என்று விடை வந்தால், எந்த எண்ணுக்கு அந்த 'இல்லை' என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு முன்பணம் கொடுங்கள்.