மருத்துவர் உயர்ந்தார், மருத்துவச்சி?

பேசின் பிரிட்ஜ், இராயபுரம் பகுதி மக்கள் மகப்பேற்றுக்குத் தலைமுறைகளாக நாடிவரும் அரசு மருத்துவமனை ஆர்.எஸ்.ஆர்.எம். அங்கே பணிபுரியும் பெண்களை டாக்டரம்மா, சிஸ்டர், நர்சம்மா, ஆயா என்றெல்லாம் அழைப்பார்கள். ‘மருத்துவச்சி’ என்ற சொல் மட்டும் காதில் விழுவது அரிது.

இலக்கணப்படி மருத்துவன் என்பதன் பெண்பால்தான் மருத்துவச்சி. வழக்கிலோ அது பிரசவம் பார்ப்பவளை மட்டுமே குறித்தது. முடிதிருத்தும் சமூகத்தாருக்கு மருத்துவர் என்ற பெயர் உண்டு. அச்சமூகப் பெண்களே பல ஊர்களில் பிரசவம் பார்த்தனர். கூலி பெரும்பாலும் நெல்லும் புடவையும்தான். பின்னர் ‘மருத்துவர்’ என்பது பட்டம் பெற்றவரைக் குறிக்கும் சொல்லாக உயர்ந்தது. அந்த ஏற்றத்தில் மருத்துவச்சிக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1912இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கே பட்டம் பெற்றார். அத்தகையோரைச் சமூகம் ‘லேடி டாக்டர்’ என்றதே தவிர, மருத்துவச்சி என்னவில்லை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ரஷ்ய மொழியில் ‘அகுஷேர்’ என்றால் மகப்பேறு மருத்துவர். அதன் பெண்பாலான ‘அகுஷேர்கா’ பிரசவம் பார்க்கும் செவிலியைக் குறிக்கும். பட்டம் பெற்ற பெண் மருத்துவரின் பதவிப் பெயரோ ஆண்பால் வடிவமான ‘அகுஷேர்’தான். செக் மொழியின் பழைய சொல்லான ‘பொரோத்னீ பாபா’வில் பாபா என்றால் கிழவி, இன்று அப்பணியாளரின் பெயர் ‘பிரசவ உதவியாளர்’ என்ற பொருள்தரும் சொல்லாக மாறிவிட்டது. வடசென்னையில் பாட்டியையும் மருத்துவமனைப் பணிப்பெண்ணையும் ‘ஆயா’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதை இத்துடன் ஒப்பிடலாம்.

ஆகவே சொல்லைத் தாழ்த்தியது பெண்பால் விகுதியன்று. உழைப்புக்குச் சமூகம் இட்ட விலையே. பொருளியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஊதியம் குறைந்த தொழிலின் பெயருக்கும் மதிப்புக் குறையும்.

இன்று இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. செவிலியர்க்கு 18 மாதத் தனிப்பயிற்சி அளித்து, இயல்பான பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் வல்லுநர்களாக்க மத்திய அரசு 2018இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இவர்களைத் தமிழில் எப்படி அழைப்பது? இலங்கைத் தமிழில் ‘குடும்ப நல உத்தியோகத்தர்’ என்ற மதிப்பான பதவிப் பெயர் வழங்குகிறது. நாமும் நல்ல பெயரொன்றைச் சூட்டலாம். மருத்துவச்சி என்ற பழஞ்சொல்லையே மீட்கவும் செய்யலாம். ஆனால் தனிப் பதவி, முடிவெடுக்கும் அதிகாரம், தகுந்த ஊதியம் ஆகிய மூன்றும் உடன்வராவிட்டால், எந்தப் புதிய பெயரும் ஒரு தலைமுறைக்குள் பழைய மருத்துவச்சியின் நிலைக்கே இறங்கிவிடும்.