மலையில் விழுந்த மஞ்சள் சட்டை

மலையேற்ற சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு, கடைசி ஏற்றத்தில் ஒருவர் திடீரென்று பிய்த்துக்கொண்டு போவதுதான் கண்ணில் படும். அதற்கான வேலை பல மணி நேரம் முன்பே தொடங்கியிருக்கும்.

2022 ஜூலை 13. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 11-ஆம் கட்டம். முன்னிலை வீரருக்குரிய மஞ்சள் சட்டை ஸ்லோவேனியாவின் பொகாச்சரிடம். கலிபியே மலைப்பாதையில் எதிரணி வீரர்கள் ரோக்லிச்சும் விங்கேகோவும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். ஒருவரைத் துரத்திப் பிடித்தால், உடனே அடுத்தவர் பாய்வார். பொகாச்சரோ சளைக்காமல் இருவரையும் துரத்தினார். அவ்வளவு துரத்தியிருக்க வேண்டியதில்லை!

சமவெளியில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் காற்றின் எதிர்ப்பு குறையும். செங்குத்து ஏற்றத்தில் வேகம் குறைவு. அந்தச் சலுகையும் குறைவு. கால்களில் மிச்சமிருக்கும் தெம்புதான் பேசும்.

கடைசி ஏற்றமான கிரானோன், 2,413 மீட்டர் உயரம். முடிவுக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் விங்கேகோ பாய்ந்தார். சட்டையின் ஜிப்பைத் திறந்துவிட்டபடி திணறிய பொகாச்சர், ஏறக்குறைய மூன்று நிமிடங்களை இழந்தார். அன்று கைமாறிய மஞ்சள் சட்டையோடுதான் விங்கேகோ பந்தயம் முடிந்த பாரிஸ் சேர்ந்தார்.