வண்டிகளும் பேசுமா?

மலைப்பாதையில் பேருந்தில் சென்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. கொண்டை ஊசி வளைவு நெருங்கியதும் ஓட்டுநர் நீளமாக ஹாரன் அடிப்பார். வளைவுக்கு அப்பால் வண்டி வருகிறதா என்று அவருக்குத் தெரியாது. வந்தால் அதை ஓட்டுகிறவர் விழித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே அந்த ஒலி.

எண்ணிப் பார்த்தால், வண்டிகள் ஒன்றோடொன்று பேசுவது புதிதன்று. ஹாரன், திரும்பும் திசையைக் காட்டும் விளக்கு, பிரேக் பிடித்ததும் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு ஆகிய யாவும் அவற்றின் மொழியே. ஆனால் அம்மொழியில் ஒரு குறை உண்டு. விளக்கைக் கண் காண வேண்டும். ஒலியைக் காது கேட்க வேண்டும். நடுவே ஒரு லாரி வந்துவிட்டால் முன்னால் எரியும் சிவப்பு விளக்கு மறைந்துபோகிறது. இக்குறையைப் போக்கவே விஞ்ஞானிகள் வானொலி அலைகளை நாடினார்கள்.

இதன் அமைப்பு எளிமையானது. வண்டியில் பொருத்தப்பட்ட ஒரு சிறு கருவி, செயற்கைக் கோள்களின் உதவியால் தான் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறது. அந்த இடம், வேகம், செல்லும் திசை, பிரேக் பிடிக்கப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றை விநாடிக்கு 10 முறை வானொலி அலைகளில் அறிவிக்கிறது. ஏறக்குறைய 300 மீட்டர் சுற்றளவில் உள்ள வண்டிகள் அதைக் கேட்கின்றன. நடுவில் ஒலிபரப்பு நிலையமோ கோபுரமோ தேவையில்லை. இதற்கென 1999-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 5.9 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் 75 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தை ஒதுக்கித் தந்தது.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். முன்னே ஒரு கார், அடுத்து ஒரு லாரி, அதன் பின்னே ஒரு பள்ளி வேன். கார் திடீரென்று நிற்கிறது. வேன் ஓட்டுநருக்கு லாரியின் முதுகுதான் தெரியும். காரின் கருவியோ அக்கணமே வேனுக்கு நேரே செய்தி அனுப்பிவிடுகிறது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். ஒரு விநாடி முன்னதாக எச்சரிக்கை கிடைத்தால் அந்த 17 மீட்டர் மிச்சம். இரண்டு வகுப்பறைகளின் நீளமுள்ள அந்த இடைவெளியில்தான் உயிர் தங்குவதும் பிரிவதும் இருக்கிறது.

இதே மொழியில் ஆம்புலன்ஸ் வண்டி, தான் வருவதைச் சாலை விளக்குக்குத் தெரிவித்துப் பச்சை விளக்கைப் பெறலாம். லாரிகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக ஓடிக் காற்றின் தடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தலாம். 2016-இல் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து அவ்வாறு அணிவகுத்த லாரிகள் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரை அடைந்தன. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 2012-இல் சுமார் 2,800 வண்டிகளில் கருவிகளைப் பொருத்திச் சோதித்தார்கள். சாலைச் சந்திப்பிலும், இடப்பக்கம் திரும்பும்போதும் எச்சரிக்கும் இரண்டு ஏற்பாடுகள் மட்டுமே எல்லா வண்டிகளிலும் இருந்தால், ஆண்டுக்கு 1,083 உயிர்கள் வரை காக்கப்படலாம் என்று 2014-இல் அந்நாட்டு அரசு கணக்கிட்டது.

இவ்வளவு நன்மை இருந்தும் இது ஏன் எங்கும் பரவவில்லை? இங்கேதான் சிக்கல்கள் தொடங்குகின்றன.

முதலாவது, நெரிசல். ஆசிரியை வராத வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? 200 வண்டிகள் நிற்கும் சந்திப்பில் விநாடிக்கு 2,000 செய்திகள் எழும். ஆகவே, பிறர் பேசுகிறார்களா என்று கவனித்து, ஓய்ந்தபின் பேசும் ஒழுங்கை இக்கருவிகளுக்குக் கற்பித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, நம்பிக்கை. யாரோ ஒருவன் விபத்து என்று பொய்ச் செய்தி பரப்பினால் என்னாவது? இதைத் தடுக்க ஒவ்வொரு செய்தியிலும் மின்னணு முத்திரை இடப்படுகிறது. ஆனால் ஒரே முத்திரையைத் தொடர்ந்து பயன்படுத்தினால், யார் எங்கே சென்றார் என்பதைப் பிறர் பின்தொடர்ந்து அறியலாம். எனவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை முத்திரை மாற்றப்படுகிறது. உண்மையும் பேச வேண்டும், ஊரறியப் பெயரையும் சொல்லக் கூடாது என்பது எளிய காரியமா?

மூன்றாவது, ஒரு கணக்கு. பத்தில் ஒரு வண்டியில் மட்டும் கருவி இருப்பதாகக் கொள்வோம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளிலுமே அது இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். பாதி வண்டிகளில் இருந்தாலும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. முதலில் வாங்குகிறவருக்குப் பேச ஆள் இல்லை. ஆகவே யாரும் முதலில் வாங்க விரும்புவதில்லை. இத்தயக்கத்தைப் போக்க, எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம் என்ற விதியை அமெரிக்க அரசு 2017-இல் முன்மொழிந்தது. ஆனால் வீட்டு வை-ஃபையை ஒத்த முறையா, கைபேசியை ஒத்த முறையா என்ற வழக்கு ஓயவில்லை. ஒரு முறையில் பேசும் கருவிக்கு மற்றதன் பேச்சு விளங்காது. 2020-இல் அந்த 75 மெகா ஹெர்ட்ஸில் 45 வேறு பயனுக்குத் திருப்பப்பட்டது. மீதி 30 கைபேசி முறைக்கென வைக்கப்பட்டது. முன்மொழிந்த விதியும் 2023-இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு மொழியை ஒப்புக்கொள்ளாமல் கழிந்த ஆண்டுகள் எத்தனை!

எல்லாவற்றினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள் ஐந்தில் இருவருக்கும் மேல். காலையில் பையைச் சுமந்து சாலையைக் கடக்கும் சிறுமியிடமும், சைக்கிளில் பால் கொண்டுவருபவரிடமும் இக்கருவி ஏது? கார்கள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது, அந்தப் பேச்சில் இடம் பெறாத இவர்கள் மறக்கப்பட்டுவிடலாகாது. இவர்களையும் காணும் கேமராவும் ரேடாரும், வேகத்தை அடக்கும் சட்டமும், நல்ல நடைபாதையும் இக்கருவியோடு சேர்ந்தே வர வேண்டும்.

நம் பள்ளியில் இன்று இயற்பியலும் கணக்கும் கற்கும் மாணவியருள் சிலர் நாளை பொறியாளர்களாகி, இந்த வண்டிகளின் மொழியைத் திருத்தி எழுதக்கூடும். அன்று அவர்கள் நம் பள்ளி வாசலில், சாலையைக் கடக்கக் காத்து நின்ற தோழியரை நினைவில் கொள்வார்களாக. அதுவரை வளைவில் ஒலி எழுப்புவோம், திரும்புமுன் கைகாட்டுவோம், பிறர் காட்டும் சைகைக்கு மதிப்பளிப்போம். கருவி வந்தாலும் வராவிட்டாலும், எதிரே வருபவர் உயிரும் நம் பொறுப்பே அன்றோ?