இதயத்துக்குள் கருவிகள் - 7: மூன்றாவது ஒயர்

சென்ற வாரம் பார்த்த பேஸ்மேக்கர், துடிப்பு குறைந்துபோனவர்களுக்கானது. இந்த வாரமும் பேஸ்மேக்கர்தான். ஆனால் இதைப் பொருத்திக்கொள்கிறவருக்கு நாடி பெரும்பாலும் 70, 80 என்று ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது, சாயங்காலமானால் கால் வீங்கும். எக்கோ எடுத்தால், “பம்பிங் 30 சதவீதம்தான் இருக்கு” என்பார்கள். துடிப்பில் குறை இல்லாதவருக்கு எதற்குப் பேஸ்மேக்கர்?

இப்படிப் பம்பிங் குறைந்துபோன ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, இடது கீழறைக்கு மின் துடிப்பைக் கொண்டுசெல்லும் கிளை பழுதாகியிருக்கும். துடிப்பு வலப்பக்கம் போய், அங்கிருந்து தசை வழியாக மெல்ல ஊர்ந்து இடப்பக்கம் சேரும். அதற்குள் நடுச்சுவர் சுருங்கி முடித்துவிடும். வெளிச்சுவர் அப்போதுதான் ஆரம்பிக்கும். ஈர வேட்டியை இரண்டு பேர் பிழியும்போது, ஒருவர் முறுக்கும் நேரம் பார்த்து மற்றவர் கையைத் தளர்த்தினால் எப்படியோ, அப்படி. ஏற்கெனவே பலவீனமான தசைக்கு இது கூடுதல் தண்டனை.

இந்தத் தாமதத்தை இசிஜி தாளில் நீங்களே எண்ணலாம். தாள் நொடிக்கு 25 மி.மீ. ஓடுகிறது, ஒரு சின்னக் கட்டம் என்பது 40 மில்லிசெகண்ட். கீழறைகளின் கூரான அலை (க்யூஆர்எஸ்) மூன்று கட்டங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். இவர்களுக்கு அது நான்கைத் தொடும், சிலருக்குத் தாண்டியும் போகும்.

1994-இல் செர்ஜ் கஸோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் குழு வெளியிட்ட குறிப்பில் வருகிற 54 வயதுக்காரருக்கு, அலையின் அகலம் 200 மில்லிசெகண்ட். முழுதாக ஐந்து கட்டம்! அவருடைய இதயத்தின் நான்கு அறைகளையும் பேஸ்மேக்கரால் தூண்டினார்கள். இடது கீழறைக்கான ஒயரை இதயத்தின் வெளிப்பரப்பில் பதித்தார்கள். ஆறே வாரத்தில் எடை 17 கிலோ குறைந்தது. பெரும்பாலும் உடம்பில் தேங்கியிருந்த நீர்தான்.

இன்று மார்பைத் திறக்கத் தேவையில்லை. வலப்பக்க அறைகளுக்கு வழக்கமான இரண்டு ஒயர்கள். மூன்றாவதை இடது கீழறைக்கு உள்ளே விட்டால், அதில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. அதனால் இதயத்தின் சொந்த ரத்தக்குழாயான கொரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் நுழைந்து, எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டு போய், இடது சுவரின் வெளிப்பக்கம் நிறுத்துகிறார்கள். சிரைகள் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் டாக்டரின் பொறுமை சோதிக்கப்படுவது இங்கேதான். இப்படி இரண்டு பக்கச் சுவர்களையும் ஒரே நேரத்தில் சுருங்கவைக்கும் சிகிச்சைதான் சிஆர்டி. 2005-இல் வெளியான ‘கேர்-ஹெச்எஃப்’ என்ற ஐரோப்பிய ஆய்வில் 813 பேர். சராசரியாக 29 மாதங்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 120 பேரும், மருந்தோடு கருவியும் பொருத்திக்கொண்டவர்களில் 82 பேரும் இறந்தார்கள்.

இவ்வளவு நல்ல கருவியை இன்னும் பலருக்கு வைக்கலாமே என்று ஆசை வராதா? வந்தது. இசிஜி அலை குறுகலாக இருக்கும் சிலருக்கும், எக்கோவில் சுவர்கள் முன்பின்னாகச் சுருங்குவது தெரியும். அப்படிப்பட்ட 809 பேருக்குக் கருவியைப் பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் சிஆர்டியை இயக்கிப் பார்த்தார்கள். ‘எக்கோ-சிஆர்டி’ என்ற அந்த ஆய்வு 2013-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இயக்காதவர்களில் 26 மரணங்கள், இயக்கியவர்களில் 45. ஒழுங்கான பாதையில் ஓடிய மின்சாரத்தை வேறு வழியில் திருப்பிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை உயர்ந்த பரிசோதனை சொல்வதே சரி என்ற நம்பிக்கை நம்மிடம் அதிகம். இங்கே தீர்ப்பு சொன்னது சாதாரண இசிஜி தாள். லட்சங்கள் செலவாகும் இந்தச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன், “என் க்யூஆர்எஸ் எவ்வளவு டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். 150 மில்லிசெகண்டுக்கு மேல் என்றால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அப்போதும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் வருவதில்லை. தசையில் பழைய மாரடைப்பின் தழும்பு பெரிதாக இருந்தால் ஒயரால் என்ன செய்ய முடியும்? கருவி வைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

இதே பெட்டியில் ஷாக் கொடுக்கும் வசதியையும் சேர்த்துத் தருகிறார்கள். அது எல்லோருக்கும் தேவையா? அதற்கு 1980-இல் பால்டிமோரில் நடந்த ஓர் அறுவைசிகிச்சையிலிருந்து தொடங்க வேண்டும்.

(அடுத்த வாரம்...)