டிரைவுக்குப் பெயர் மாற்றினால் கோப்பு நகருமா?

2006-இல் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது. எந்த வீடும் இடம் பெயரவில்லை. 605001 என்ற பின்கோடும் மாறவில்லை. கணினியில் 'நியூ வால்யூம்' என்றிருக்கும் டிரைவுக்குக் 'குடும்பப் படங்கள்' என்று பெயர் வைப்பதும் அப்படித்தான். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

விண்டோஸில் டிரைவுக்கு இரண்டு அடையாளங்கள். பெயர் அந்த டிஸ்க்கிலேயே எழுதப்படுவதால், வேறு கணினியில் மாட்டினாலும் கூடவே வரும். டி, இ போன்ற எழுத்தையோ அந்தந்தக் கணினியின் விண்டோஸ்தான் நினைவில் வைத்திருக்கிறது. அதனால்தான் வீட்டில் 'இ' ஆக இருக்கும் பென் டிரைவ், ஜெராக்ஸ் கடையில் 'ஜி' ஆகிறது. மென்பொருள்கள் கோப்பைத் தேடுவது பெரும்பாலும் இந்த எழுத்தை வைத்துத்தான். பெயரைத் தாராளமாக மாற்றலாம். எழுத்தில் கை வைத்தால் ஷார்ட்கட்டுகள் வழி தெரியாமல் விழிக்கும்.

சரி, டிரைவ் எழுத்து ஏன் 'சி'யில் தொடங்குகிறது? ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு ஒதுக்கப்பட்டவை. ஃபிளாப்பி போய்விட்டது, இடம் மட்டும் காலியாக நிற்கிறது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் புதுச்சேரியில் துய்மா வீதி இருக்கிறதே, அதுபோல!

பெயர் மாற்ற, டிரைவின் மீது வலது கிளிக் செய்து 'ரீநேம்' கொடுங்கள். என்டிஎஃப்எஸ் முறையில் 32 எழுத்து வரை இடம் உண்டு. ஆனால் தமிழில் 'கு' என்பது இரண்டாகக் கணக்காகும்.

ஒரு எச்சரிக்கை: ஒரே டிஸ்க்கைத்தான் பல வீடுகளில் சி, டி என்று பிரித்திருப்பார்கள். அது பழுதானால் இரண்டும் போகும். படங்களின் ஒரு பிரதியை வெளியே தனி டிஸ்க்கில் வையுங்கள்.