எர்ரரை அழித்தாலும் திரும்ப வரும் மஞ்சள் விளக்கு

கார் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் எரியும், வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். என் வண்டியில் ஒருநாள் அது அணையவில்லை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். 'பி0171' என்று காட்டியது. எரிபொருள் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு" என்றார்கள். சில ஆயிரம் செலவழித்து மாற்றினேன். ஒரு வாரத்தில் விளக்கு திரும்ப வந்தது. எர்ரரை அழித்துக் கொடுத்தார்கள். நான்காம் நாள் மறுபடியும் எரிந்தது.

கடைசியில் விடை கிடைத்தது திருவள்ளூர் மணவாள நகரில், லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரத்து ஷெட் ஒன்றில். அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஸ்கேனர் காட்டும் எண், கெட்டுப்போன சாமானின் பெயர் அல்ல. இது தெரியாமல் நல்ல சென்சார்களைக் கழற்றி எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

இன்ஜினை நடத்துவது ஈசியூ என்னும் சின்னக் கம்ப்யூட்டர். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது சற்றுக் குறையும். அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று புகைக்குழாயில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வதுதான் ஆக்சிஜன் சென்சார். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், இல்லையென்றால் 0.9 பக்கம் ஏறும். ஓடும் இன்ஜினில் இரண்டுக்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது ஈசியூ. எவ்வளவு கூட்டியது என்பதையும் சதவீதமாக எழுதி வைத்துக்கொள்கிறது. இதற்கு ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். நல்ல வண்டியில் இது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கூட்டிக் கூட்டி எல்லை தாண்டினால் 'பி0171' பதிவாகிறது. ஆக, அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: "நான் எவ்வளவு பெட்ரோல் கொடுத்தும் சென்சார் காற்று அதிகம் என்றே சொல்கிறது." ஏன் என்பதை அது சொல்லாது. சென்சார் ஒரு சாட்சி. சாட்சியை மாற்றினால் நடந்தது மாறிவிடாது.

மணவாள நகர் மெக்கானிக் எர்ரரைப் படித்ததும் ஸ்பேனரைத் தேடவில்லை. அதே ஸ்கேனரில் லைவ் டேட்டாவுக்குப் போனார். ஐடிலில் ட்ரிம் 21 சதவீதம். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். 2,500 ஆர்பிஎம் வந்ததும் அது 5-க்கு இறங்கியது. "பெட்ரோல் பம்ப் வீக்னா, ரேஸ் பண்ணும்போதுதான் சார் மோசமாகணும். இது தலைகீழா இருக்கு. எங்கேயோ வெளிக்காத்து இழுக்குது. ராத்திரி வண்டிய இங்கேயே விட்டுட்டுப் போங்க, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பார்க்கணும்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் மெலிதாக 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். மாதக்கணக்கில் நான் கேட்டுப் பழகி, பொருட்படுத்தாமல் விட்ட சத்தம். உதவிக்கு நின்ற பையன் ஈரக் கோணியால் சைலன்சர் வாயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தான். மெக்கானிக் சோப்புத் தண்ணீரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இணைப்பில் பீய்ச்சினார். ஒரே ஓர் இடத்தில் நுரை பொங்கிற்று. அதைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால், சிம்னி விளக்குக் கரி போல விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புத் தடம். ஒரு ஸ்டட் உடைந்திருந்தது, அந்தப் பக்கத்துப் பேக்கிங் எரிந்துபோயிருந்தது. சென்சார் அங்கிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

புகை சீராக வெளியேறுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் ஒரு கணம் குறையும். அந்தக் கணத்தில் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. ஐடிலில் புகையே குறைவு என்பதால் கொஞ்சம் காற்றும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் புகை வெள்ளத்தில் அது கரைந்துவிடும். இன்ஜின் சூடானால் இரும்பு விரிந்து இடுக்கும் ஓரளவு அடைபடும், சத்தமும் அமுங்கிப்போகும். நான் கழற்றிப் போட்ட பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த ஊருக்கும் கார்களுக்கும் பழைய பழக்கம் உண்டு. 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில்தான் மிட்சுபிஷி லேன்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அங்கே சிட்ரோன் கார்கள் உருவாகின்றன. கார்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி, சத்தத்தைக் காதால் கேட்டு டியூன் செய்த மெக்கானிக் தலைமுறை, ஈசியூ வைத்த வண்டிகளையும் கற்றுக்கொள்ள வேண்டிவந்தது. வண்டி தன் கோளாறைத் தானே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இந்தியாவில் 2010 ஏப்ரலில் வந்தது, 2013 ஏப்ரலில் இறுகியது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட் அதற்குத்தான். ஸ்கேனரும் காதும் சேர்ந்தால்தான் வேலை முடியும் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

சென்சாரே கெட்டுப்போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கான எர்ரர்கள் வேறு. 'பி0135' என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் சர்க்யூட்டில் குறை. அப்போதும் முதலில் ஃபியூஸ், வொயர், கப்ளர் மூன்றையும் பாருங்கள். மழைக்காலத்தில் கப்ளர் பின்கள் பச்சை பூத்துப்போகும். நின்ற வண்டிக்குள் எலி புகுந்து வொயரைக் கடித்துவைக்கும். கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று ஸ்கேனர் காட்டினால், திருவள்ளூரில் அது நடக்காது. வொயர் அறுந்திருக்கும், அல்லது கப்ளர் கழன்றிருக்கும். இதற்கு மல்டிமீட்டர் போதும்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் எர்ரரை அழிக்கும் முன்பே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எர்ரர் விழுந்த நொடியில் வேகம், சூடு, லோடு எவ்வளவு என்று ஈசியூ சேமித்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று கேட்டால் காட்டுவார்கள். அழித்தாலோ, பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலோ அந்தத் தடயம் போய்விடும். அழித்ததும் விளக்கு அணைவதை நம்பவும் வேண்டாம். பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகே விளக்கு எரியும். அதனால்தான் சில நாள் கழித்துத் திரும்ப வருகிறது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக இழுக்கும்வரை நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஸிங் பலமாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கும். ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எக்ஸாஸ்ட் கசிவு என்று தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள், அந்தப் புகை கேபினுக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஸ்டட்டும் பேக்கிங்கும் மாற்றிய அன்று எர்ரரை அழிக்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார். "வேணாம் சார், ஓட்டுங்க. சரியா இருந்தா அதுவே அணையும்." குறை தென்படாத ஓட்டங்கள் தொடர்ந்து மூன்று ஆனால் ஈசியூ தானாகவே விளக்கை அணைக்கும். பூந்தமல்லிக்கு மூன்று நாள் போய்வந்தேன். நான்காம் நாள் காலை சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது. 'டிக் டிக்' சத்தமும் இல்லை.