ஸ்டூடியோ எரிந்தது, ஆட்டம் நிலைத்தது

மும்பை செம்பூர் பகுதியில், சயான் - டிராம்பே சாலையோரம் ஹிந்தி நடிகர் ராஜ் கபூர் 1948-இல் நிறுவிய ஆர்.கே. ஸ்டூடியோ இன்று இல்லை. 2017 செப்டம்பரில் நேரிட்ட தீ விபத்தில், பழைய படங்களில் பயன்படுத்தப்பட்ட உடைகளும் நினைவுப் பொருள்களும் சாம்பலாயின. 2019-இல் அந்த நிலம் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அந்த ஸ்டூடியோவின் பெரும் வெற்றிப் படங்களுள் ஒன்று "சங்கம்' (1964). அதன் நாயகி சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலா.

நடிகை வசுந்தரா தேவியின் மகளான இவர், பாட்டி யதுகிரி தேவியின் அரவணைப்பில் வளர்ந்தவர். வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் பயின்றார். ஏவி.எம். நிறுவனத்தின் "வாழ்க்கை' (1949) படத்தில் அறிமுகமானார். அதன் ஹிந்தி வடிவமான "பஹார்' (1951) அவரை வடஇந்தியாவுக்கு அறிமுகப்படுத்தியது. அதில் சொந்தக் குரலில் பேசுவதற்காகவே ஹிந்தி கற்றார்.

"நாகின்' (1954) புகழைத் தந்தது. ஆயினும், நடனம் மட்டுமே தெரிந்தவர் என்ற பேச்சு நீடித்தது. அதற்கு "தேவதாஸ்' (1955) படத்தின் சந்திரமுகி பாத்திரம் பதிலளித்தது. அதற்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது அறிவிக்கப்பட்டபோது, தமது பாத்திரம் பார்வதிக்கு இணையானதே அன்றித் துணைப் பாத்திரம் அல்ல எனக் கூறி அதை ஏற்க மறுத்தார். பின்னர் "சாதனா' (1958), "கங்கா ஜமுனா' (1961), "சங்கம்' ஆகிய மூன்று படங்களும் அவருக்குச் சிறந்த நடிகை விருதைப் பெற்றுத் தந்தன. "கங்கா ஜமுனா'வில் உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பேச்சுவழக்கைத் தமிழ்ப் பெண்ணான இவர் சரளமாகப் பேசினார்.

மருத்துவர் சமன்லால் பாலியை 1968-இல் மணந்தபின் திரையுலகிலிருந்து விலகினார். 1970-இல் வெளியான "கன்வார்' அவரது கடைசி ஹிந்திப் படம். சலங்கையை மட்டும் அவர் கழற்றவில்லை. 1982-இல் பரதநாட்டியத்துக்காகச் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார்.

தில்லிக்கு அவர் அரசியல்வாதியாகவும் அறிமுகமானார். 1984 மக்களவைத் தேர்தலில் தென்சென்னையில் காங்கிரஸ் சார்பில் போட்டியிட்டு, அனுபவம் மிக்க நாடாளுமன்றவாதியான இரா. செழியனைத் தோற்கடித்தார். 1989-இல் மீண்டும் வென்றார். 1993 முதல் 1999 வரை மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தார். பின்னர் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார்.

நடிகையாகப் புகழ் பெற்றது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நடனமோ வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது. 2024-இல், தமது 90-ஆவது வயதில், அயோத்தி ராமர் கோயிலில் பரதம் ஆடினார். அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் மாளிகையில், திரௌபதி முர்முவிடம் "பத்ம விபூஷண்' விருது பெற்றார். செம்பூரில் எரிந்துபோன உடைகளை இனி மீட்க முடியாது. பாட்டியின் வீட்டில் அவர் கற்ற அடவுகளை அந்தத் தீ தொடவில்லை.